காற்றை எடுத்துவிட்டால் கெடாதா? வேக்யூம் சீலர் பற்றிச் சில குறிப்புகள்

"ஐந்து மடங்கு நாள் கெடாது!" வேக்யூம் சீலர் விற்கும் வீடியோக்களில் இந்த வாசகம் தவறாமல் வரும். ஒரே மேசையில் முந்திரி, பூண்டு, மட்டன், மல்லித்தழை, பிரியாணி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒரே மெஷினில் சீல் போட்டுக் காட்டுவார்கள். பை உள்ளே சுருங்கிப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும்போது, "இனி ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை நமக்கும் வந்துவிடுகிறது. எனக்கு மெஷின் மேல் குறை இல்லை. குறை அந்த மேசை மேல்தான். முந்திரியும் பூண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது.

எங்கள் திண்டுக்கல்லில் என்னிடம் வரும் கேள்விகள் இரண்டு. "கொடைக்கானல்ல டென்ட் போட்டுத் தங்கப் போறோம், பிரியாணியை சீல் பண்ணி எடுத்துட்டுப் போலாமா?" "மலைப்பூண்டை உரிச்சு சீல் பண்ணி வெச்சா வருஷம் பூரா வருமா?" இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: உணவைக் கெடுப்பது காற்று, காற்றை எடுத்தால் கெடாது.

இந்த எண்ணத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. பிரான்ஸில் நிக்கோலா அப்பெர் என்பவர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, வெந்நீரில் வேகவைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1810இல் புத்தகமாகவும் எழுதினார். அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. உணவு ஏன் கெடவில்லை என்பதற்குப் பதில் தேடிய வேதியியலாளர் கே-லுசாக், புட்டிக்குள் இருந்த காற்றைச் சோதித்துப் பார்த்து, ஆக்ஸிஜன் இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டினார். பெரிய பெயர் என்பதால் பல ஆண்டுகள் அதுவே பாடமாக நின்றது. பிறகு பாஸ்டர் வந்துதான் கெடுப்பவை நுண்ணுயிர்கள், காப்பாற்றியது சூடு என்று நிறுவினார். இன்றைய சீலர் விளம்பரம் பாஸ்டரைத் தாண்டி மறுபடி 1810க்கே போய் நிற்கிறது.

சரி, காற்றை எடுப்பதால் என்னதான் நடக்கிறது? பூஞ்சணம் வளர ஆக்ஸிஜன் வேண்டும், அது அடங்கும். எண்ணெயும் கொழுப்பும் சிக்கு வாடை அடிப்பது ஆக்ஸிஜனால், அது தள்ளிப்போகும். ஃப்ரீசரில் கறியின் மேல்பகுதி வறண்டு வெளுத்துப்போவது குறையும். இவை உண்மையான பயன்கள். ஆனால் பாக்டீரியாக்களில் பல, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரக்கூடியவை. சில, காற்று இல்லாவிட்டால்தான் வளரும். அந்தச் சிலதில் ஒன்று க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் நூறு டிகிரி கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்பைத் தாக்கும்: பார்வை இரட்டையாகும், இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். அபூர்வமான நோய்தான். ஆனால் சமையலறையில் அதற்கு வசதி செய்து கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மூக்கு. நம் வீடுகளில் உணவுப் பரிசோதனை என்றால் மூக்குதான். "சாம்பார் ஊசிப்போச்சு", "சோறு நூல் விடுது", "எண்ணெய் சிக்கு வாடை வருது". தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறோம். வாடையையும் பூஞ்சணத்தையும் உண்டாக்குகிறவற்றில் பல காற்றை நம்பி வாழ்பவை. சீலர் முதலில் அடக்குவது அவற்றைத்தான். பாட்டுலினம் நஞ்சு இருக்கிற உணவிலோ வாடையும் நிறமும் மாறாமலேயே இருக்கலாம். அதாவது மெஷின் திருடனை வெளியே நிறுத்தவில்லை, காவல்நாயை வெளியே அனுப்பிவிட்டது.

பூண்டுக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மண்ணுக்குள் விளைவது, ஈரம் உள்ளது, புளிப்பு இல்லாதது. உரித்துக் காற்றை எடுத்து அறைச் சூட்டில் வைத்தால் மேலே சொன்ன மூன்று நிபந்தனையும் பொருந்திவிடுகிறது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் பாட்டுலிசத்தில் விழுந்தார்கள். அங்கே காற்றைத் தடுத்தது எண்ணெய், இங்கே பிளாஸ்டிக். பூண்டுக்கு நல்ல இடம் காற்றோட்டமான கூடையும் தொங்கவிட்ட கொத்தும்தான். சின்ன வெங்காயத்துக்கும் அதே. பச்சைக் காளானையும் சீல் போட வேண்டாம். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் பறித்த பிறகும் வாயு விடுவதால் பை உப்பிவிடும். வெந்நீரில் முக்கியெடுத்து ஃப்ரீசரில் வைப்பதானால் சரி.

அடுத்தது பிரியாணி. ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். கடையில் அறைச் சூட்டிலேயே மாதக்கணக்கில் இருக்கும் பிரியாணிப் பை, உப்புமாப் பை எல்லாம் பார்க்க வேக்யூம் பை மாதிரியே இருக்கும். அவை வேறு. மைசூரில் இயங்கிவந்த பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சி நிலையம் ராணுவ வீரர்களுக்காக உருவாக்கிய ரிடார்ட் பை வகை அது. உணவை அடைத்து மூடிய பிறகு, பையோடு சேர்த்து, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி சூடு காட்டுகிறார்கள். வித்துகள் சாவது அந்தச் சூட்டில். நம் வீட்டு மெஷின் அந்தப் பையின் தோற்றத்தை மட்டும் தருகிறது.

சித்திரை வெயிலில் திண்டுக்கல் 38 டிகிரியைத் தொடும். கொடைக்கானல் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல். வெந்த சோற்றில் பிழைத்திருக்கும் பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் முளைக்க இந்தச் சூடு தாராளம். அதற்குக் காற்று இல்லாமலும் வளரத் தெரியும். "மேல போனா குளிர்தானே?" என்பார்கள். மலையின் பகல் குளிர் பதினைந்து, இருபது டிகிரி. ஃப்ரிட்ஜின் குளிர் நாலைந்து டிகிரி. பாட்டுலினத்தில் சில வகைகள் 3 டிகிரியிலேயே மெல்ல வளரும் என்பதால், சீல் போட்ட சமைத்த உணவை ஃப்ரிட்ஜிலும் வாரக்கணக்கில் நம்பக் கூடாது. பிரியாணியை எடுத்துப் போயே தீர வேண்டுமா? உடனே ஆறவைத்து, சீல் போட்டு, கல்லாக உறையவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், அன்றைக்கே ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். உறைந்த மீனாக இருந்தால், உருக வைக்கும் முன் பையை வெட்டித் திறந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரே பழனி பஞ்சாமிர்தம் இருக்கிறது. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தில் உள்ள ஈரத்தையும் சர்க்கரை கட்டிவைத்துக்கொள்கிறது, நுண்ணுயிருக்குக் குடிக்க மிச்சமில்லை. காப்பாற்றுவது டப்பா இல்லை, பாகம். வற்றல், மோர்மிளகாய், உப்புக்கண்டம், புளிக்காய்ச்சல் எல்லாம் இதே கணக்குதான்: ஈரத்தைக் குறை, உப்பைக் கூட்டு, புளிப்பை ஏற்று. புளிப்பு பி.எச். 4.6க்குக் கீழே இறங்கினால் பாட்டுலினம் வளராது. புளிக்காய்ச்சல் அதைவிடக் கீழே. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களின் கட்டுச்சோற்று மூட்டையில் புளியோதரை இருந்தது ருசிக்காக மட்டும் இல்லை.

"அப்ப நம்ம முன்னோர் முறையே போதும், மெஷின் எதுக்கு?" என்று இதைத் திருப்பிவிடுகிற ஆட்களும் உண்டு. அதுவும் சரியில்லை. உப்புக்கண்டத்தின் கொழுப்பு நாலு மாதத்தில் சிக்கு அடிக்கும். மழை மாதத்தில் வற்றல் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பருப்புப்பொடியில் வண்டு விழும். பழைய முறை தோற்கிற இந்த இடங்களில்தான் சீலர் ஜெயிக்கிறது. முன்னோர் ஈரத்தைப் பார்த்துக்கொண்டார்கள், மெஷின் காற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதனால் என் மேசை இப்படி இருக்கும். முகாமுக்கு: இட்லிப்பொடி, பருப்புப்பொடி, அவல், வறுத்த ரவை, வற்றல், முந்திரி, நிலக்கடலை, புளிக்காய்ச்சல். அரிசி தனிப்பையில், சோறு அங்கே போய் வடித்துக்கொள்ளலாம். பொடியை நேரடியாகப் போட்டால் உறிஞ்சும்போது சீல் வாயில் படிந்து ஒட்டாது, காகிதத்தில் பொதிந்து போடுங்கள். வீட்டுக்கு: ஃப்ரீசருக்குப் போகிற கறியும் மீனும், மாதக்கணக்கில் வைக்கிற அரிசியும் பருப்பும்.

அரிசிக்கு மட்டும் ஒரு கணக்கு. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வீட்டு மெஷின்களின் பெட்டியில் பெரும்பாலும் 60 முதல் 80 வரை உறிஞ்சும் என்று போட்டிருக்கும். மணிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், ஐந்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை காற்று உள்ளேயே நிற்கும். வண்டு முட்டை சாக அது போதாது. சில நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்துவிட்டோ, ஆக்ஸிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைச் சேர்த்தோ சீல் போடுங்கள்.

பையை மூடும் முன் கேட்டுக்கொள்ள ஒரே கேள்விதான்: இது மெஷின் இல்லாமலே ஒரு மாதம் வெளியில் தாங்குமா? தாங்கும் என்றால் சீல் போட்டால் இன்னும் நாள் கூடும். தாங்காது என்றால் அதற்கு வேண்டியது ஃப்ரீசர். சீல் அதன் மேல் போடுகிற போர்வை, அவ்வளவுதான்.