மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி புடைப்புச் சிற்பத்தில் சமநிலை: எடை, திசை, இடம்

ஆய்வுச் சுருக்கம்

காட்சிக்கலையில் சமநிலை பெரும்பாலும் சமச்சீரோடு ஒன்றாக்கிப் பார்க்கப்படுகிறது. மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் போர்க்காட்சியைச் சான்றாகக் கொண்டு, சமநிலை உருவளவின் ஒப்புமையால் அன்றி எடை, திசை, இடம் ஆகியவற்றின் உறவால் அமைவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சமநிலை, சமச்சீர், காட்சி எடை, பல்லவர் சிற்பம், மாமல்லபுரம்.

முன்னுரை

கலை அறிமுக நூல்கள் சமநிலையைச் சமச்சீருடையது, சமச்சீரற்றது, ஆர அமைப்புடையது என வகுக்கின்றன. இவ்வகைப்பாடு பெயரிட உதவுமேயன்றி, அளவில் ஒவ்வாத இரு பகுதிகள் ஒரே காட்சியில் எவ்வாறு நிலைகொள்கின்றன என்பதை விளக்குவதில்லை. ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1954இல் வெளியிட்ட ‘கலையும் காட்சிப் புலனுணர்வும்’ என்னும் நூலில் இவ்வினாவை எடை, திசை என்னும் இரு கருத்தாக்கங்களால் அணுகினார். அவ்வணுகுமுறையின் பயனும் எல்லையும் இச்சிற்பத்தில் ஒருங்கே புலப்படுகின்றன.

எடை

7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இச்சிற்பத்தில், பார்ப்போரின் இடப்புறம் எட்டுக் கைகளுடன் தேவி சிங்கத்தின்மீது அமர்ந்துள்ளாள். வலப்புறம் எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் நிற்கிறான். அவனுருவம் தேவியினும் பெரியது. வலப்புறத்தில் அமையும் பொருள் கூடுதல் எடையுடையதாகத் தோன்றும் என்பது ஆர்ன்ஹைம் கருத்து. இதன்படி அளவாலும் இடத்தாலும் மகிடன் பக்கமே மேலோங்க வேண்டும். ஆனால் தேவியின் விரிந்த கைகள், படைக்கலங்கள், சூழ்ந்த பூதகணங்கள் ஆகியவற்றின் செறிவு அம்மிகுதியை ஈடுசெய்கிறது.

திசை

சிங்கத்தின் பாய்ச்சலும் தேவியின் வில்லும் வலப்புறம் நோக்குகின்றன. மகிடனின் உடலும் அத்திசையிலேயே பின்சாய்கிறது. முகம் மட்டும் தேவியை நோக்கியுள்ளது. எனவே, எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று தாங்கும் துலாக்கோல் அமைப்பு இங்கில்லை. வலப்புறம் விரையும் ஓட்டத்தை அவனது எதிர்நோக்கும் இருகையாலும் பற்றிய கதையும் ஒரு கணம் தடுத்து நிறுத்துகின்றன. எருமைத் தலைமீது தேவி நிற்கும் மும்மூர்த்தி மண்டபச் சிற்பம் வெற்றிக்குப் பிந்தைய நிலையைக் காட்ட, இச்சிற்பமோ குலையும் தறுவாயிலுள்ள சமநிலையைக் காட்டுகிறது. மகிடன் இன்னும் வீழவில்லை என்பதே இக்காட்சியின் உயிர்நாடி.

இடம்

ஆர்ன்ஹைமின் விளக்கம் பெரிதும் சட்டத்துள் அடங்கிய ஓவியத்தை முன்வைப்பது. இச்சிற்பமோ மண்டபத்தின் பக்கச் சுவரில் உள்ளது. அதன் இடப்புறம் கருவறையை அடுத்தும், வலப்புறம் வாயிலை அடுத்தும் அமைகின்றன. ஆகவே மகிடன் பின்வாங்குவது வெறும் வலப்புறமாக அன்று. கருவறையிலிருந்து வெளிநோக்கியே அவன் தள்ளப்படுகிறான். எதிர்ச்சுவரில் அனந்தசயனத் திருமால் கிடைநிலையில் அமைதி கொள்கிறார். போரின் மூலைவிட்ட ஓட்டத்திற்கு அக்கிடைக்கோடு எதிர்நிலையாகிறது. தனிச்சிற்பத்துள் முழுமையுறாத சமநிலை மண்டபத்துள் முழுமையுறுகிறது.

முடிவுரை

சமநிலையை வகைப்பெயரால் சுட்டுவதோடு நிறைவுறும் திறனாய்வு, இத்தகைய சிற்பங்களின் இயக்கத்தைத் தவறவிடுகிறது. புடைப்புச் சிற்பங்களைத் தனித்த ஒளிப்படங்களாக மட்டும் கொண்டு ஆராயும்போது அவற்றின் கட்டடச் சூழல் மறைந்துவிடுகிறது. அச்சூழலையும் அமைப்பின் உறுப்பாகக் கொள்ளும்போதே பல்லவச் சிற்பிகளின் சமநிலைக் கோட்பாட்டை உரியவாறு மதிப்பிட இயலும்.