உடம்பு கணக்கு வைத்திருக்கிறது சரி, பேச்சு என்ன பாவம் செய்தது?

பெஸ்ஸல் வான் டெர் கோல்க் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' 2014இல் வந்தது. மனவடு, ட்ராமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இப்போது இந்தப் புத்தகத்தின் பெயரும் கூடவே வருகிறது. படித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே சுருக்கம்தான்: "ட்ராமா உடம்புல தங்கிடுது. அதைப் பேசித் தீர்க்க முடியாது. யோகா மாதிரி உடம்பு வழியாத்தான் போகணும்." முதல் வாக்கியத்தில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாவதில் இருக்கிறது.

நூலின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978இல் பாஸ்டனில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறார். சம்பவம் முடிந்து வருடக்கணக்கான பிறகும் சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, தூக்கம் கெடுவது, உடம்பு மரத்துப்போவது, இதையெல்லாம் 'மனசு பலவீனம்' என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி விளக்குகிறார். பாதிக்கப்பட்டவரின் வீட்டாருக்கு இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கக் கொடுக்கலாம்.

இடறுவது அடுத்த படியில். தன் அனுபவத்தை எழுதிவைத்து வாசிக்கக் கேட்கும்போது, பேச்சுக்கான ப்ரோகா பகுதியில் செயல்பாடு குறைந்ததை மூளை ஸ்கேன் காட்டியது என்கிறார். 1996இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 8 பேர். அதுவும் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்த சில நிமிடங்கள். அந்த நேரத்தில் வார்த்தை வரவில்லை என்பதிலிருந்து, வாரக்கணக்கில் நடக்கும் பேச்சுச் சிகிச்சை பலிக்காது என்ற முடிவுக்கு எப்படிப் போவது?

யோகா ஆய்வையும் பார்ப்போம். அவரும் குழுவினரும் 2014இல் வெளியிட்டது. 64 பெண்கள், 10 வாரம். யோகா குழுவில் 31 பேரில் 16 பேருக்கும், மற்ற குழுவில் 29 பேரில் 6 பேருக்கும் பி.டி.எஸ்.டி. அளவுகோல் பொருந்தாமல் போனது. நல்ல பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பே யோகாவைத் 'துணைச் சிகிச்சை' என்றுதான் சொல்கிறது. பேச்சுச் சிகிச்சையோடு போட்டி வைத்துப் பார்த்த ஆய்வு இல்லை அது.

எட்னா ஃபோவா உருவாக்கிய எக்ஸ்போஷர் சிகிச்சையில் வெறுமனே புலம்புவது கிடையாது. கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவை வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும். ஒதுக்கி வைத்த தெருவுக்கோ பேருந்துக்கோ படிப்படியாகப் போக வேண்டும். கஷ்டமான வேலை, பாதியில் நிற்பவர்களும் உண்டு. ஆனால் ஆய்வுச் சான்று அதிகம் சேர்ந்திருப்பது இந்த வகைச் சிகிச்சைகளுக்குத்தான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டியில், மனவடுவை மையமாகக் கொண்ட சி.பி.டி.க்குப் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. புத்தகத்தில் இதற்குக் கிடைப்பது சந்தேகப் பார்வை.

நமக்கு நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் வடகிழக்கில், போரையும் கண்டிருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நெட் எனப்படும் கதைசொல் சிகிச்சை. வாழ்க்கையைக் கயிறாகத் தரையில் விரித்து, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிப்போகும் முறை. மறு பாதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இருவருக்கும் 6 அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81%, தியானம் செய்தவர்களில் 71% பேர் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வு, சிகிச்சையே பெறாத குழு இல்லாததால், எவ்வளவு தானாக ஆறியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் 'பேச்சா, உடம்பா' என்று இரண்டையும் மோதவிடுவது தேவையில்லை என்பதற்கு இது போதும்.

எல்லாப் பேச்சும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் 'டீப்ரீஃபிங்' முறையைப் பின்பற்ற வேண்டாம் என்று அதே நைஸ் வழிகாட்டி சொல்கிறது. 1997இல் வந்த ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டவர்களில் டீப்ரீஃபிங் பெற்றோருக்கு 13 மாதம் கழித்து 26%, பெறாதவர்களுக்கு 9% பி.டி.எஸ்.டி. இருந்தது. யார் கேட்கிறார்கள், எப்போது, எத்தனை அமர்வு, இதுதான் வித்தியாசம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நடந்ததை நினைக்காமல், பேசாமல் ஒதுங்குவது பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகளில் ஒன்று. 'பேசிப் பயனில்லை' என்று ஒரு பெரிய டாக்டர் எழுதினால், ஏற்கெனவே ஒதுங்கி இருப்பவருக்கு அது நல்ல சாக்காகிவிடுகிறது. யோகா வகுப்புக்குத் தாராளமாகப் போங்க. ஆனா சிகிச்சை தருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்க: நீங்க செய்யப்போற முறைக்குப் பெயர் என்ன? எத்தனை அமர்வுக்குப் பிறகு பலன் இருக்கான்னு அளந்து பார்ப்பீங்க?