மின்மிதிவண்டியின் விலையும் மதிப்பும்

மிதிவண்டி எளியோரின் ஊர்தி என்னும் எண்ணம் நெடுநாளாக நிலைத்துவிட்ட ஒன்று. மலாயாத் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளியும் சைக்கிளில் சென்றான். அவனை மேற்பார்த்த கிராணியும் சைக்கிளில்தான் சென்றார். கிராணியின் வண்டி இங்கிலாந்தில் செய்த ராலேயாக இருந்தால் அதற்கெனத் தனி மதிப்பு உண்டு, வேறுபாடு அவ்வளவே. இன்றோ ஐரோப்பிய நகரங்களில் ஈராயிரம், மூவாயிரம் யூரோ விலையுள்ள மிதிவண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் மோட்டார் உண்டு, பேட்டரி உண்டு, கைத்தொலைபேசியோடு உறவாடும் கணினியும் உண்டு. இவ்வளவு விலைக்கு அவை தகுமா? இவ்வினாவுக்குப் பொதுப்பட விடை கூறுவதினும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பயன் தரும். நெதர்லாந்தின் வான்மூஃப் வண்டி அதற்கு மிகப் பொருத்தமானது. புகழின் உச்சியையும் வீழ்ச்சியின் அடியையும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கண்ட வண்டி அது.

தாக்கோ கார்லியர், தீஸ் கார்லியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். மக்கள்தொகையைவிட மிதிவண்டித் தொகை மிகுந்த நாடு அது. அங்கே ஒருவன் மிதிவண்டி விற்க முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் அவர்கள் விற்றனர். 2020 ஏப்ரலில் வெளிவந்த எஸ்3 என்னும் மாதிரி 1,998 யூரோவுக்கு விற்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதிரியினும் வெகுவாகக் குறைந்த விலை அது. பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்துக்கும் ரயிலுக்கும் அஞ்சிய நகரமக்கள் அதை விரும்பி வாங்கினர். 2021 செப்டம்பரில் முதலீட்டாளர்கள் 128 மில்லியன் அமெரிக்க டாலரை நிறுவனத்தில் இட்டனர்.

வண்டியின் சிறப்பை முதலில் கூறிவிடுவது முறை. குறை காண்பதையே திறனாய்வு என்று கொள்வார் சிலர். அவர் வழி ஈண்டுத் தேவையில்லை. எஸ்3 அழகிய பொருள் என்பதில் ஐயமில்லை. மேற்குழாய் முன்னும் பின்னும் நேர்கோடாய் நீண்டு, அதன் இரு முனைகளிலேயே விளக்குகள் பதிந்திருக்கும். கம்பிகள் யாவும் குழாய்களுக்குள் மறைந்திருக்கும். முன்சக்கரத்தின் குடத்தில் 250 வாட் மோட்டார். கீழ்க்குழாய்க்குள் 504 வாட்-மணி பேட்டரி. மிதிப்பவரின் விசைக்குத் தன் விசையைச் சேர்க்கும் அம்மோட்டார், ஐரோப்பியச் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரில் தன் உதவியை நிறுத்திக்கொள்ளும். நான்கு கியர்களையும் வேகத்திற்கேற்ப வண்டியே மாற்றும். ஓட்டுபவர் விரலசைக்க வேண்டியதில்லை. எதிர்காற்று ஓயாது வீசும் அந்நாட்டில், அலுவலகத்தை வியர்வையின்றி அடைவது சிறு நன்மையன்று. ஒருமுறை முழுதும் மின்னேற்ற ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் போதும். நாள்தோறும் கார் ஓட்டுபவர் பெட்ரோலுக்கும் வண்டி நிறுத்தவும் கொடுப்பதோடு இதை ஒப்பிட்டால் செலவு என்று சொல்லவே நாணமாக இருக்கும். மணியடிக்கவும் மின்சாரம் வேண்டும் என்பது மட்டும் சற்றே நகைப்புக்குரியது. மணிக்குப் பதிலாக ஒலிபெருக்கி ஒன்று வைத்து, விரும்பிய ஓசையைத் தேர்ந்துகொள்ளுமாறு செய்திருந்தனர்.

பூட்டு அத்தகைய விளையாட்டுப் பொருளன்று. ஆம்ஸ்டர்டாமில் மிதிவண்டித் திருட்டு தீராத நோய். அந்நோய்க்கு மருந்தாகவே வான்மூஃப் தன் பூட்டை அமைத்தது. பின்சக்கரத்தின் அருகிலுள்ள பொத்தானைக் காலால் உதைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எவரேனும் அசைத்தால் வண்டி கூச்சலிடும். உரியவர் கைத்தொலைபேசியோடு அருகே வந்தால் பூட்டுத் திறக்கும். எடுத்துச் சென்றாலும் வண்டி தன் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும். தனிக்கட்டணம் கொடுத்தோர்க்கு நிறுவனத்தின் ஆட்களே தேடிச் சென்று மீட்டுத் தருவர். இரண்டு வாரத்திற்குள் மீட்க இயலாவிடில் வேறு வண்டி கிடைக்கும் என்பது உறுதிமொழி.

இங்கேதான் விலையின் இயல்பு மாறுகிறது. 1,998 யூரோ கொடுத்தவர் வாங்கியது இரும்பும் அலுமினியமும் மட்டுமன்று. ஒரு வாக்குறுதியையும் சேர்த்தே வாங்கினார். பூட்டைத் திறக்கும் மின்னியல் சாவி நிறுவனத்தின் கணினியிலிருந்து கைத்தொலைபேசிக்கு வந்தது. திருட்டு மீட்பு நிறுவனத்தின் ஆட்களால் நடந்தது. உதிரிப்பாகம் நிறுவனத்தின் கடையில் மட்டுமே கிடைத்தது. வண்டி வாங்கியவரின் வாசலில் நின்றதேயாயினும் அதன் உயிர் ஆம்ஸ்டர்டாமில் இருந்தது.

2023 ஜூலை 17ஆம் நாள் நிறுவனம் நொடித்துப்போனதாக நீதிமன்றம் அறிவித்தது. அதற்கு முன்பே கடைகள் மூடப்பட்டுவிட்டன. பழுது பார்க்கக் கொடுத்த வண்டிகள் உள்ளே, உரியவர்கள் தெருவில். முன்பணம் முழுவதும் கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருந்தோர் கடன்காரர் வரிசையில் நின்றனர். ஏற்கெனவே வண்டி வைத்திருந்தோர்க்கு வேறு கவலை பிறந்தது. நிறுவனத்தின் கணினி அணைக்கப்பட்டால் சாவி எங்கிருந்து வரும்? புதிய கைத்தொலைபேசி வாங்கினால் அதற்குச் சாவி தருபவர் யார்? கைப்பிடிப் பொத்தானால் எண் குறித்துத் திறக்கும் மாற்றுவழி ஒன்று வண்டியில் இருந்தது உண்மையே. ஆனால் அவ்வெண்ணை அமைப்பதும் செயலியின் வழியேதான். இந்நிலையில் உதவிக்கு வந்தது போட்டி நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. பெல்ஜியத்தின் கவ்பாய் நிறுவனத்தார் சில நாள்களுக்குள் ஒரு செயலியை ஆக்கி, வான்மூஃப் உரிமையாளர்கள் தத்தம் சாவியைச் சேமித்து வைத்துக்கொள்ள வழி செய்தனர். தன் வண்டியைத் திறக்க அண்டை நாட்டுப் போட்டியாளரின் இரக்கம் தேவைப்படும் நிலை மிதிவண்டி வரலாற்றில் அதற்குமுன் எவர்க்கேனும் நேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

வான்மூஃப் வண்டியின் கியர்க்குடம் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் பெயருடையது. மலாயாவில் ராலே ஓட்டியவர்க்கு இப்பெயர் புதிதன்று. 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தொடங்கிய அந்நிறுவனத்தின் மூன்று கியர்க் குடம் ராலே வண்டிகளின் பின்சக்கரத்தில் சுழன்றது. 1930களில் வந்த அதன் புகழ்பெற்ற மாதிரியை இன்றும் பழைய வண்டிகளில் காணலாம். அதைப் பிரிக்க ஸ்பானர் போதும். திருத்த எந்தச் சைக்கிள் கடைக்காரரும் போதும். 2000ஆம் ஆண்டில் அப்பெயர் தைவானிய நிறுவனத்தின் கைக்குச் சென்றபோது எந்த ராலேயும் ஓடாது நின்றுவிடவில்லை. வான்மூஃப் அதே பரம்பரைக் குடத்தை எடுத்து, சிறு மோட்டாராலும் கணினியாலும் கியர் மாற்றுமாறு செய்தது. மாற்றம் நேர்த்தியானதே. ஆனால் அம்மின் கியர்மாற்றி பழுதானால் ஸ்பானரால் பயனில்லை. அது பழுதாவது அரிதாகவும் இல்லை. முதியதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் இல்லை. பழுதானபின் யாரிடம் செல்வது என்பதில் இருக்கிறது.

இவ்வண்டி மிகையான விலைக்கு விற்கப்பட்டது என்று குறைகூறுவார் பலர். அது மேலோட்டமான கருத்து. வான்மூஃப் தன் வண்டியை மிகக் குறைந்த விலைக்கே விற்றது என்பதே பொருத்தமாகும். பெரும்பாலான பாகங்களைத் தானே வடிவமைத்து, தனிப்பட வார்த்து, தானே கடை வைத்து, தானே பழுது பார்த்து, திருடனையும் தானே துரத்துவதற்கு ஆகும் செலவை 1,998 யூரோ தாங்கவில்லை. உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்த வண்டிகள் வருவாயை உண்டன. பற்றாக்குறையை முதலீட்டாளரின் பணம் ஈடுசெய்தது. அப்பணம் உள்ளவரை வாங்குவோர் உண்மையில் மலிவாகவே பெற்றனர். வட்டிக்காரன் கணக்குப் போல எஞ்சிய தொகை பின்னர் நின்று கேட்டது. 2022இல் அறிவித்த எஸ்5 மாதிரிக்கு 2,498 யூரோ என்று உயர்த்தியும் கணக்கு நேராகவில்லை. 1,998 யூரோ வண்டி பத்தாண்டு ஓடினால் ஆண்டுக்கு 200 யூரோவே ஆகும், யாரும் குறைகூறார். மூன்றாண்டில் நின்றால் ஆண்டுக்கு 666 யூரோ. விலைச்சீட்டில் இருக்கும் எண் ஒன்றுதான், விலை இரண்டு.

புதிய கருவி எதுவும் முதலில் இப்படித்தான் இருக்கும், மோட்டார் கார் தோன்றிய காலத்தில் நொடித்த நிறுவனங்கள் எத்தனை என்று இதற்கு மறுப்புரைப்பர். அதில் உண்மை உண்டு. ஆயினும் விலையுயர்ந்த மின்மிதிவண்டி யாவும் இவ்வாறு அமைவதில்லை. 1892இல் தோன்றிய கெசல் என்னும் டச்சு நிறுவனம் தன் மின்மிதிவண்டிகளுக்கு பாஷ், ஷிமானோ ஆகியோரின் மோட்டாரையும் பேட்டரியையும் வாங்கிப் பொருத்துகிறது. அவற்றின் விலையும் ஈராயிரம், மூவாயிரம் யூரோதான். ஆனால் அதே மோட்டார் வேறு பல நிறுவன வண்டிகளிலும் இருப்பதால், திருத்தத் தெரிந்தவர் ஊர்தோறும் உண்டு. தோற்றத்தில் அவை வான்மூஃபிற்கு ஈடாகா; கண்ணைக் கவரும் கோடு அவற்றில் இல்லை. அழகுக்காக எவ்வளவு பணயம் வைக்கலாம் என்பது வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியது. பணயம் என்று அறிந்து வைப்பதே முறை.

சிங்கப்பூர் வாசகர்க்கு இன்னொரு செய்தியும் தேவைப்படும். இங்கே மின்மிதிவண்டியின் எடை 20 கிலோவுக்கு மேற்படக் கூடாது, பதிவெண் வேண்டும், ஓட்டுபவர் 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். எஸ்5 வண்டியோ 23 கிலோ. ஐரோப்பாவில் பாராட்டப்பட்ட வண்டி இங்கே சாலையில் இறங்கவே தகுதியற்றது. எவரிடமேனும் அதன் படத்தைக் காட்டி ஆசை மூட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

2023 ஆகஸ்டு இறுதியில், பிரிட்டனின் மெக்லாரன் அப்ளைட் நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர்க் கிளையாகிய லாவோய் வான்மூஃபை வாங்கிற்று. கணினி அணையவில்லை, சாவிகள் பிழைத்தன. சொந்தக் கடை நடத்தும் முறையைக் கைவிட்டு, வெளிக் கடைகளின் வழியே விற்கவும் திருத்தவும் புதியவர்கள் ஏற்பாடு செய்தனர். கெசல் நெடுங்காலமாக மேற்கொண்ட வழியும் அதுவே. எஞ்சியிருப்பது பேட்டரி. எஸ்3 வண்டியின் பேட்டரி குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. அவ்வண்டிக்கென்றே வார்த்த வடிவம் அது, வேறு வண்டியின் பேட்டரி அதில் நுழையாது. பேட்டரி எதுவாயினும் ஆண்டுக்கு ஆண்டு சற்றே வலுவிழப்பது இயற்கை. 2020இல் வாங்கியோரின் பேட்டரிகள் இப்போது அந்தப் பருவத்தை எட்டிக்கொண்டிருக்கின்றன.