நிருபமும் நிருபரும்: நீலகிரிச் செய்தியுரை பற்றிய ஒரு மதிப்பீடு

நிருபம் என்னும் சொல்லுக்குக் கடிதம் என்பது பொருள். கிறித்தவ மறையின் தமிழ் மொழிபெயர்ப்பில் பவுல் அடியார் சபைகளுக்கு விடுத்த மடல்கள் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றன. நிருபம் வரைபவர் நிருபர். ஆதலின் பழைய நாளிதழ்களில் 'நமது நிருபர்' என்னும் குறிப்பைக் காணுங்கால், ஓர் ஊரில் இருந்துகொண்டு பிறவூரார்க்கு மடல் எழுதும் ஒருவரை நாம் கருதுதல் வேண்டும். இன்று 'செய்தியாளர்' என்பதே பெருவழக்கு. மாறியது சொல் மட்டுமோ, தொழிலுமோ என்பதே ஈண்டு நம் வினா.

2021 டிசம்பர் 8ஆம் நாள், சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதின்மூவர் அன்றே உயிர்நீத்தனர். எஞ்சிய ஒருவரும் டிசம்பர் 15இல் மறைந்தார். விபத்துக்கு மறுநாள் நாடெங்கும் பரவியது ஒரு கைப்பேசிப் படம். அதனை எடுத்தவர் செய்தியாளர் அல்லர்; கோவையிலிருந்து உலா வந்து, மலை இரயில் பாதையோரம் நின்றிருந்த பயணியருள் ஒருவர். சில நொடிகளே ஓடும் அப்படத்தில் ஹெலிகாப்டர் பனிமூட்டத்துள் புகுந்து மறைகின்றது. படமும் அவ்வளவில் முடிகின்றது.

மூட்டத்துக்கு அப்பால் நிகழ்ந்ததைப் படம் சொல்லவில்லை. அவ்வூரார் குடத்திலும் வாளியிலும் நீர் கொணர்ந்து தீயை அவிக்க முயன்றமையும், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லத் தம் வீட்டுக் கம்பளிகளை ஈந்தமையும், அங்குச் சென்று வீட்டுவாயிலில் நின்று கேட்டு எழுதினோரால் அறியவந்தவை. டிசம்பர்த் திங்களில் மலைக்குடும்பம் ஒன்று தன் கம்பளியைக் கொடுப்பதன் பொருள், அக்குளிரை அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும். அச்செய்தியுரையை நிருபம் என்று தயங்காது கூறலாம்.

இனி, நாள்தோறும் வரும் செய்திகளின் உரைநடையை நோக்குவோம். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்னும் முடிபுகள் அவற்றில் மலிந்துள்ளன. குற்றச்சாட்டை எழுதும்போது அவை வேண்டற்பாலன. தீர்ப்புக்கு முன் ஒருவரைக் குற்றவாளி என்றல் முறையன்று. ஆனால், 'சாலையில் மரம் சாய்ந்ததாகக் கூறப்படுகிறது' என்றாற் போன்ற தொடருக்கு என்ன தேவை? மரம் சாய்ந்ததா என்பதைச் சென்று காணலாமே! எழுதியவர் அவ்விடத்தில் இலர். கைப்பேசிக் குழுவில் வந்த படத்தைக் கண்டு வரைந்தார் என்பதை அம்முடிபே காட்டிக்கொடுக்கிறது. செயப்பாட்டு வினையின் இப்பெருக்கத்தை நடைக்குறை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. சென்று காணும் வழக்கம் குறைந்து வருவதன் அடையாளம் அது.

படத்தின் மேல் பழி சுமத்துவது நம் கருத்தன்று. உதகையிலேயே 1960இல் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் செய்து நாடெங்கும் அனுப்பியது. சுருளுக்கு விலை உண்டு. ஆதலின் ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கப்பெற்றது. எண்ணியற்படம் வந்தபின் அவ்வாலையும் நலிந்து மூடப்பட்டது.

படத்தில் அகப்படாத செய்திகளே இம்மலையில் மிகுதி. 2023 செப்டம்பரில் பசுந்தேயிலைக்குக் கிலோ ஒன்றுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டிச் சிறு விவசாயிகள் உண்ணாநோன்பு இருந்தனர். பந்தலில் அமர்ந்தோரைப் படம் காட்டும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலைக்கும் உழவர் கையில் சேரும் தொகைக்கும் இடையே என்ன நேர்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஏலக் கணக்கை அறிதல் வேண்டும். ஆலை வாயிலில் காத்திருத்தல் வேண்டும். படகர் ஊர்களான அட்டிகளில் முதியோர் சொல்லைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். இதற்கு ஒரு நாள் போதாது. துண்டுச் செய்திக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்று, விளம்பரமும் திரட்டித் தரவேண்டிய நிலையிலுள்ள பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் கோத்தகிரிப் பக்கம் மூன்று நாள் தங்கி எழுதுவாராயின், அம்மூன்று நாளைக்குரிய கூலியை அவருக்கு அளிப்பவர் யார்?