‘அட்ஜெக்டிவ்’ என்றால் உரிச்சொல்லா?

‘நவுன்’ பெயர்ச்சொல், ‘வெர்ப்’ வினைச்சொல், ‘அட்ஜெக்டிவ்’ உரிச்சொல் என்று மூன்றையும் வரிசையாகப் போடும் பயிற்சித்தாள்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதல் இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். மூன்றாவதுதான் சிக்கல்.

தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கின்றன. இதில் உள்ள ‘உரி’ வேறு, ஆங்கில ‘அட்ஜெக்டிவ்’ வேறு. ‘மாநகர்’ என்பதில் ‘மா’ பெயரைச் சார்ந்து வருகிறது. ‘சாலச் சிறந்தது’ என்பதில் ‘சால’ வினையைச் சார்ந்து வருகிறது. இரண்டுமே உரிச்சொல்தான்.

சரி, மாணவர்கள் எழுதும் ‘நல்ல பையன்’, ‘அழகான வீடு’ எந்த வகை? ‘நல்ல’ என்பது குறிப்புப் பெயரெச்சம். ‘அழகான’ என்பது ‘அழகு’ என்ற பெயரோடு ‘ஆன’ என்ற பெயரெச்சம் சேர்ந்தது. இவற்றை உரிச்சொல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு எச்சம் நடத்தினால், “அப்போ போன வருஷம் படிச்சது தப்பா, டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காத பிள்ளைகள் இலக்கணமே குழப்பம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதுதான் பெரிய இழப்பு.

இங்கே தெம்பனிஸில் நாம் பார்க்கும் பிள்ளைகள் பலர் ஆங்கில இலக்கணத்தைத் தெரிந்துகொண்டுதான் தமிழ் இலக்கணத்துக்கு வருகிறார்கள். ஒப்பிட்டுச் சொல்வதில் தவறில்லை. அதற்குப் ‘பெயரடை’ என்ற சொல் இருக்கிறது. பெயரடை, சொல் தொடரில் செய்யும் வேலையைச் சொல்கிறது. பெயரெச்சம், சொல்லின் அமைப்பைச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினாலே போதும். உரிச்சொல்லை இலக்கியப் பாடத்தில், அதற்குரிய இடத்தில் நடத்தலாமே.