எச்சம் முதல் குறைபாடு வரை: அறிவுசார் குறைபாட்டுச் சொற்கள்

புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்வகை எச்சங்களுள் ‘மருள்’ என்பதையும் எண்ணுகிறது. எச்சம் என்பது ஈண்டுக் குறை. 1910இல் ஹென்றி காடர்டு ‘மோரான்’ என்னும் சொல்லை ஆக்கி, ‘இடியட்’, ‘இம்பெசில்’ ஆகியவற்றுக்கு மேல் மூன்றாம் படியாக நிறுத்தினார். மருத்துவம் வகுத்த அம்மூன்றும் பின்னர் வசைச்சொற்களாயின.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் ‘இடியட்’ என்போரையும் பித்தருள் அடக்கியது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இருநிலைகளையும் தனித்தனியே வரையறுத்தது. எனினும் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்னும் தமிழ்த்தொடர், அறிவைக் குறிக்க மனத்தை ஆண்டமையால் பழைய மயக்கத்தை நீட்டித்தது. கல்வியும் பயிற்சியும் வேண்டுவோரை மனநோயர் எனக் கருத இடமளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வழங்கும் ‘அறிவுசார் குறைபாடு’ இப்பிழையைக் களைகிறது. ஆயினும் எச்சம், குன்றல், குறைபாடு ஆகிய மூன்றும் இன்மையைக் கொண்டே மனிதரை அளப்பன. எனவே பெயர்மாற்றத்தையே நோக்குமாற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது.