கேட்பவரும் கண்காணிப்பவரும்

பகிடிவதைக்கு எதிராகத் தமிழ்நாடு 1997இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே இலங்கையும் 20ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் முன்னால் மாணவர் உயிரிழப்புகள் இருந்தன. வதைத்தவரைத் தண்டிக்க வழி பிறந்தது. வதைபட்டவரின் மனத்தை யார் கவனிப்பது என்று கேட்டால், இரு நாடுகளும் முதலில் கைகாட்டுவது ஆசிரியரைத்தான்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களிலிருந்தே மாணவ ஆலோசகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு மேல் சிரேஷ்ட மாணவ ஆலோசகர். விடுதி இடம், உதவிப்பணம், நோய், வீட்டுக் கஷ்டம் என எதற்கும் மாணவர் தேடிப்போவது அவர்களைத்தான். பிள்ளையை நேரில் அறிந்தவர் என்பது இந்த முறையின் பலம். ஆனால் பகிடிவதை முறைப்பாடு வந்தால் விசாரிக்க ஓடுபவரும் பல இடங்களில் அவரே. அவருடைய அறைக்குள் ஒரு முதலாமாண்டு மாணவி நுழைவதைச் சீனியர்கள் கண்டால், காட்டிக்கொடுக்கப் போனாள் என்ற பெயர் வந்துவிடும். மொழியும் குறுக்கே நிற்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்குத் தெற்கிலிருந்து சிங்கள மாணவர்கள் வருகிறார்கள். மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் வடக்கு கிழக்கிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் போகிறார்கள். பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிடலாம், மனக்குமுறலை அப்படிக் கொட்ட எல்லாராலும் முடியாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த வேலை டியூட்டர் அல்லது மென்டார் எனப்படும் ஆசிரியருடையது. சுமார் 20 பேர் அவர் பொறுப்பில். வருகைப்பதிவு, அரியர், இன்டர்னல் மார்க், பெற்றோரின் செல் நம்பர் எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். மாதாமாதம் பேசி எழுத வேண்டிய அந்த நோட்டு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றதும் ஒரே பேனாவில் அவசரமாக நிரம்புவதும் உண்டு. அக்கறையோடு கேட்கும் ஆசிரியரிடமும் மாணவர் தயங்கக் காரணம் இருக்கிறது: மார்க் அவர் கையில், வாய் திறந்தால் மாலைக்குள் அப்பாவுக்கு போன் போய்விடும்.

இந்தியாவில் இதற்கு மாற்று சட்டத்தில் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. 100 மாணவருக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. நியமனம் காகிதத்தோடு நின்றால் பயனில்லை. இலங்கை ஆலோசகரிடம் உள்ள நெருக்கத்தை அந்தப் புதிய ஆலோசகர் கற்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் ஆலோசனையை ஒழுக்க விசாரணையிலிருந்து பிரித்து, தமிழும் சிங்களமும் தெரிந்த உளவளத்துணையாளரை அமர்த்த வேண்டும்.

மாணவரின் துயரைக் கேட்பவர் கையில் மார்க்கும் இருக்கக் கூடாது, விசாரணைக் கோப்பும் இருக்கக் கூடாது. ஆசிரியர் செய்ய வேண்டியது, வாட்டத்தைக் கண்டதும் பிள்ளையை உரியவரிடம் கூட்டிப்போவது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.